ஒலி படாத இடம்

ஜனவரி 9

தம்பிக்கு,

அம்மா போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நலம் விசாரிக்க எழுதவில்லை. காரியம் இருக்கிறது, எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு, உன் மாமாவுக்கு, கணையத்தில் கட்டி என்று சித்தி சொல்லிக் கேள்விப்பட்டிருப்பாய். போன மாதம் இங்குள்ள டாக்டர் இன்னொரு தடவை படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். ரத்தக் குழாயைச் சுற்றிக்கொண்டு நிற்கிறதாம், கத்தி வைக்க முடியாதாம். மருந்து ஏற்றினாலும் கட்டிக்குள் இறங்கமாட்டேன் என்கிறது. உடம்பெல்லாம் சுற்றுகிறது, முடியைக் கொட்ட வைக்கிறது, வாந்தியைக் கொண்டுவருகிறது, போக வேண்டிய இடத்துக்கு மட்டும் போவதில்லை. உங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு சிகிச்சையைச் சோதித்துப் பார்ப்பதாக அந்த டாக்டரே சொல்லிக் காகிதங்களை அனுப்பிவைத்தார். இவரைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். அங்கே ஸ்கேன் கருவியைப் பிடிக்கிற ஆள் நீதான் என்று தெரிந்ததும் நான் வேண்டாம் என்றேன். அதற்கு உன் மாமா, "உங்க சண்டைக்கு என் வயித்தை ஏன் இழுக்கறே?" என்றார். பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.

பதினைந்து நாளைக்கு ஒரு தடவை சிகிச்சை. ரயிலில் ஒன்றரை நாள் தூரம். நடுவில் வந்து போக உடம்பில் தெம்பு கிடையாது. உன் அறையில்தான் தங்குவார். நான் கூட வர முடியாது. பிஸ்கட் கம்பெனியில் எனக்கு இருந்த லீவெல்லாம் அவரோடு இங்கே அலைந்ததிலேயே தீர்ந்துவிட்டது. மாமனார் படுத்த படுக்கை, புரட்டிப் போட என்னை விட்டால் ஆளில்லை. சிட்டுவுக்கு ஏப்ரலில் பள்ளி இறுதிப் பரீட்சை.

இப்போது கேட்டுக்கொள். எனக்குப் போன் செய்யாதே. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த ஒரு வாரமும் போனில், "அம்மா நல்லா இருக்காங்க, தூங்கறாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். ஆபரேஷன் ஆகி இங்கே படுத்திருந்த எனக்கு அதிர்ச்சி கூடாது என்று நீயாக முடிவு செய்தாய். எல்லாம் முடிந்த பிறகு வந்து வெறும் கட்டிலைப் பார்த்தேன். உன் குரலை நம்பிய வரைக்கும் போதும். எழுது. எழுத்தில் உனக்குப் பொய் வராது, சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன். அதுவும் நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. கட்டி சுருங்குகிறதா, இல்லையா. ஒரே வரி. பூசி மெழுக வேண்டாம்.

ராத்திரியில் அவருக்குக் கால் சில்லிட்டுவிடும். காலுறையைப் பெட்டியில் மேலாகவே வைத்திருக்கிறேன். தானாகப் போட்டுக்கொள்ள மாட்டார், நீ சொல்.

அக்கா


ஜனவரி 25

அக்காவுக்கு,

மாமா வந்து சேர்ந்தார். ரயிலை விட்டு இறங்கியதும் என்னைப் பார்த்து, "என்னடா, நீ இன்னும் இளைக்கவே இல்லையா?" என்றார். அவர் பாதியாகி வந்திருந்தார். முகத்தைக் காட்ட முடியாமல் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

என் அறை மூன்றாவது மாடியில். லிஃப்டுக்குள் ஏறி அது கிளம்பும் சத்தத்தைக் கேட்டதுமே, "இதை யாருடா பார்த்துக்கறான்? அவனை நான் ஒரு தடவை பார்க்கணும்" என்றார். லிஃப்ட் மெக்கானிக் வேலையை விட்டாலும் வேலை அவரை விடவில்லை. கட்டில் அவருக்கு, பாய் எனக்கு. ஜன்னலுக்கு எதிரே ஆஸ்பத்திரியின் சலவை அறை. நாள் முழுக்க ஆவி வந்துகொண்டே இருக்கிறது, நனைந்த துணி வாசனை. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

சுருங்கியதா என்று சொல்ல எட்டு வாரம் ஆகும். அதுவரை என்ன செய்கிறோம் என்றாவது சொல்லவிடு.

கணையக் கட்டி இறுக்கமானது. உள்ளே போகும் ரத்தக் குழாய்களையே நசுக்கி வைத்திருக்கும், அதனால்தான் மருந்து இறங்குவதில்லை. இங்கே முதலில் வழக்கமான மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். அது ரத்தத்தில் நிறைந்திருக்கும்போதே இன்னொரு ஊசி. அதில் இருப்பது குமிழிகள். ரத்த அணுவைவிடச் சிறியவை; மெல்லிய கொழுப்புத் தோலுக்குள் கொஞ்சம் வாயு, அவ்வளவுதான். வேகமாகத் தள்ளினால் ஊசியிலேயே உடைந்துவிடும் என்று நர்ஸ் பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல ஏற்றுகிறார். அதே நேரத்தில் நான் வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை அழுத்திப் பிடித்துக் கட்டியைப் பார்த்து ஒலியை அனுப்புகிறேன், காதுக்குக் கேட்காத ஒலி. அது படுகிற இடத்தில் குமிழிகள் உப்பி உப்பிச் சுருங்கும். அந்தக் குலுக்கலில் குழாயின் சுவர் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும், மருந்து அந்த இடுக்கில் உள்ளே இறங்கும். சில நிமிஷங்களில் குமிழிகள் கரைந்து, வாயு மூச்சோடு வெளியே போய்விடும்.

இதைச் சொன்னபோது மாமா, "அப்ப பஸ்ல என் பக்கத்துல உக்கார்றவனுக்கும் ஓசியில வைத்தியம் ஆயிடுமே" என்றார். நர்ஸ் சிரித்ததில் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

சொந்தக்காரருக்கு நானே செய்யலாமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். இதைப் பிடிக்கப் பழகியவர்கள் இரண்டே பேர், இன்னொரு பெண் பிரசவ லீவில் இருக்கிறாள். "நீ பிடி. படத்தைப் பார்த்து முடிவு சொல்லப் போவது வேறு ஆள்" என்றார்.

முதல் தடவை நேற்று முடிந்தது. காலுறை போட்டுவிட்டேன்.

தம்பி


பிப்ரவரி 7

தம்பிக்கு,

ஒரு வரி கேட்டால் நீ வகுப்பே எடுத்துவிட்டாய். மூன்று தடவை படித்தேன், அது வேறு விஷயம். எங்கள் கம்பெனியிலும் பாக்கெட்டுக்குள் வாயு அடைக்கிறோம், பிஸ்கட் நொறுங்காமல் இருப்பதற்காக. உன் வாயு நொறுக்குவதற்காகவாம். நல்லபடியாக நொறுக்கட்டும்.

அவர் தினமும் போனில் பேசுகிறார். பேச்செல்லாம் உன்னைப் பற்றித்தான். "தம்பி சமைச்சான், வாயில வைக்க முடியல, ஆனாலும் சாப்பிட்டேன்" என்கிறார். என்னோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியவர், ஒரு நாள் உப்புக் குறைந்தாலும் தட்டைத் தள்ளிவைப்பவர். எனக்குப் பொறாமையாக இருக்கிறது, மறைக்கவில்லை. அவர் பக்கத்தில் நான் இருக்க வேண்டியது, நீ இருக்கிறாய்.

பேச்சின் நடுவே நின்று நின்று மூச்சு வாங்குவது கேட்கிறது. கேட்டால் மாடி ஏறினேன் என்கிறார். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருப்பதாக நீதானே எழுதினாய்? அவரிடமும் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. உங்கள் இருவரில் யார் பெரிய புளுகர் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மாமனார், "பையன் எப்ப வருவான்?" என்று காலையிலும் மாலையிலும் கேட்கிறார். வேலை விஷயமாகப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கும் பொய் வரத்தான் செய்கிறது, பார்.

அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு,

மூன்று தடவை முடிந்தது. இருந்த முடியும் போய்விட்டது. "எண்ணெய் மிச்சம்" என்கிறார்.

இதை நீ கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மூச்சு இழுக்கும்போது கட்டி ஒரு விரல் அகலம் கீழே இறங்குகிறது, விடும்போது மேலே ஏறுகிறது. ஒலி அதன்மேலேயே பட வேண்டும். அதனால் அவர் மேலோட்டமாக மூச்சு விட வேண்டும், நான் அந்த மூச்சோடு சேர்த்துக் கையை நகர்த்த வேண்டும். அரை மணி நேரம். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் என் மூச்சும் அவர் மூச்சும் ஒன்றாக ஓட ஆரம்பித்துவிடுகிறது. குமிழிகள் வந்து சேரும்போது திரையில் கட்டியின் ஓரமெல்லாம் பொரிபொரியாக மின்னும். நடுவில் முதல் தடவை இருட்டாகவே இருந்தது. மூன்றாவது தடவை நடுவிலும் கொஞ்சம் மின்னியது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையை எடுத்துத் துடைக்க முடியாது, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

நடுவில் பேசக் கூடாது, வயிறு ஆடும். அதனால் எல்லாவற்றையும் சேர்த்துவைத்து முடிந்த பிறகு பேசுவார். நேற்று அம்மா விஷயத்தை எடுத்தார். "அன்னிக்கே அவகிட்ட சொல்லியிருந்தா அழுதிருப்பா. தையலெல்லாம் ஒண்ணும் பிரிஞ்சிருக்காது. நீ பயந்தது அவளுக்காக இல்லடா, அவ அழறதைக் கேக்கணுமேன்னு பயந்தே" என்றார். அவர் வயிற்றில் ஸ்கேனுக்காகத் தடவியிருந்த களிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் சொன்னது சரி.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

அவர் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். ஆறு வருஷம் கழித்து நீ ஒப்புக்கொண்டால் நான் என்ன செய்வது, சந்தோஷப்படுவதா? கடிதத்தை அடுப்பங்கரையில் நின்று படித்தேன், பால் பொங்கி வழிந்துவிட்டது.

சிட்டு இரவெல்லாம் படிக்கிறாள். "அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டால் எட்டு வாரம் முடியட்டும் என்கிறேன். அவள் சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்ப்பாள், நானும் பார்ப்பேன்.

அக்கா


மார்ச் 24

எட்டு வாரம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. படம் எடுத்தாகிவிட்டது என்று அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது, மேலே கேட்டால் தம்பி எழுதுவான் என்கிறார். ஏன் எழுதவில்லை? சுருங்கியதா?

அக்கா


மார்ச் 26

கட்டி சுருங்கியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

தம்பி


மார்ச் 31

தம்பிக்கு,

உன் ஒரு வரியைக் கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போனேன். பாக்கிங் பெல்ட்டின் பக்கத்தில் நின்று அங்கே வேலை செய்கிறவர்கள் அத்தனை பேருக்கும் படித்துக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். இந்த வயதில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சிட்டு அதை வாங்கித் தன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாள். அன்று ராத்திரி நான் தூங்கினேன். படுத்ததும் தூங்கி, விடிந்ததும் எழுந்து எத்தனை மாதம் ஆகிறது.

இன்னொரு விஷயம். மானேஜர் கூப்பிட்டு, என் நிலைமையைப் பார்த்துப் பத்து நாள் லீவு தருவதாகச் சொன்னார், ஏப்ரல் முதல் வாரமே கிளம்பலாமாம். மாமனாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனாரும் வருவதாக இருந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன். கட்டி சுருங்கிக்கொண்டிருக்கும்போது நான் வந்து அங்கே என்ன செய்யப் போகிறேன்? சிட்டு பரீட்சை முடிந்து மே மாதம் அவர் வீட்டுக்கு வரும்போது அந்த லீவை எடுத்துக்கொள்கிறேன். அப்போதுதான் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டியிருக்கும்.

உனக்கு நன்றி சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. எழுதவும் வரவில்லை. சொன்னதாக வைத்துக்கொள்.

அவரைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

சிட்டுவின் பரீட்சை நேற்று முடிந்திருக்கும். இதை ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன், இரண்டு நாளில் உன் கைக்கு வந்துவிடும். போன் செய்திருக்கலாம். உனக்கு என் குரல் வேண்டாம், தவிர இதை என் குரலில் சொன்னால் நீ நம்பவும் மாட்டாய்.

கட்டி சுருங்கியது உண்மை. அதே நாள், அதே படத்தில், ஈரலில் நான்கு இடத்தில் புள்ளிகள் இருந்தன. ஜனவரியில் எடுத்த படத்தில் அவை இல்லை.

ஒலி படுகிற இடத்தில்தான் குமிழி வேலை செய்யும். கணையத்தில் பட்டது, மருந்து இறங்கியது, கட்டி குறைந்தது. ஈரலில் படவில்லை. அங்கே வழக்கமான மருந்துதான் போனது, அது போதவில்லை. எங்கள் எல்லோர் கண்ணும் அந்த ஒரு கட்டியின் மேலேயே இருந்தது. நான் கையை வைத்திருந்த இடத்துக்கு நாலு விரல் தள்ளி இது வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

பெரிய டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். மருந்தை மாற்றிப் பார்க்கலாம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார். மாமா மருந்தை மாற்றச் சொன்னார். வெளியே வந்து மாமா பெஞ்சில் உட்கார்ந்தார். "அவ என்ன கேட்டிருக்கா?" என்றார். உன் கடிதத்தைக் காட்டினேன். "கட்டியைப் பத்தித்தானே கேட்டிருக்கா, அதுக்குப் பதில் எழுது. மீதியைப் புள்ள பரீட்சை முடிஞ்சதும் நானே சொல்லிக்கறேன்" என்றார். நான் முடியாது என்றேன். "என் உடம்புடா, என் பொண்டாட்டிடா" என்றார். நான்கு நாள் சண்டை போட்டேன். நான்காவது நாள் உன் கடிதம் வந்தது, சுருங்கியதா என்று. எழுதிவிட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நீ லீவை வேண்டாம் என்று சொன்னதாக எழுதியதைப் படித்தபோதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை மாமா முன்னால் வைத்தேன். படித்துவிட்டு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "மே மாசந்தானே, போயிடலாம்" என்றார். எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

மே மாதம் வரை தாங்காது போலிருக்கிறது. மூன்று நாளாகக் கண் மஞ்சளாகிவிட்டது. நேற்றிலிருந்து காய்ச்சல். இருபத்திரண்டாம் தேதி ரயிலில் அழைத்து வருகிறேன். படுத்துக்கொண்டே வர ஏற்பாடு செய்திருக்கிறேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டு வை.

தம்பி


ஜூன் 2

அக்காவுக்கு,

மாமாவைக் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து எல்லாம் முடிந்து நான் கிளம்பும் வரை நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை மட்டும் என் முன்னால் வைத்தாய். நானும் சாப்பிட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே சோதனையின் முடிவுகளைத் தொகுக்கிறார்கள். சிகிச்சை கட்டியில் பலன் தந்ததா இல்லையா என்றுதான் இதில் கணக்கு. அந்தக் கணக்கில் மாமா பலன் கண்டவர்கள் பக்கத்தில் இருக்கிறார். அதில் இருப்பவர்களிலேயே அவருக்குத்தான் நன்றாகச் சுருங்கியது. வெளியூர் டாக்டர்கள் கூடும் கூட்டத்தில் அவருடைய படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி வைக்கப் போகிறார்கள், ஜனவரியில் இருந்த கட்டியும் மார்ச்சில் இருந்த கட்டியும் பக்கத்தில் பக்கத்தில். பேர் இருக்காது.

மாமா சேரும்போதே இதற்கெல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். உன்னைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை, பெரிய டாக்டரும் தேவையில்லை என்கிறார். கேட்காமல் இன்னொரு தடவை உன் தலைக்கு மேலே ஒன்றை முடிவு செய்ய என்னால் முடியாது. நீ வேண்டாம் என்றால் படத்தை எடுக்கச் சொல்லிப் போராடுகிறேன்.

இங்கே லீவு கிடைக்கும் போலிருக்கிறது. நீ சரி என்றால் அடுத்த வாரம் வருகிறேன். மாமனாரைப் புரட்டிப் போடவாவது உதவுவேன்.

தம்பி


ஜூன் 13

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். சிட்டு பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துக் கொடுத்தாள்.

பலன் கண்டவர்கள் பக்கத்தில் அவர் இருக்கிறார் என்ற இடத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் இருந்திருந்தால் அதை வைத்து ஒரு மாதத்துக்கு ஜோக்கு அடித்திருப்பார். பிறகு அழுதேன். மாமனார் உள்ளேயிருந்து, "யாரு அழறது?" என்று கேட்டார். பையன் போனதை அவரிடம் சொல்லியாகிவிட்டது, ஆனால் தினமும் மறந்துவிடுகிறார். தினமும் சொல்கிறேன்.

படத்தை வைக்கச் சொல். உங்கள் குமிழி பொய் இல்லை, போன இடத்தில் அது வேலை செய்திருக்கிறது. வேறு யாருக்காவது உதவட்டும், அதற்குத்தான் அவரும் கையெழுத்துப் போட்டார். ஆனால் அந்த இரண்டு படத்தோடு நிறுத்தாதே. ஈரல் படத்தையும் அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்திலேயே வைக்கச் சொல். அதைப் பார்க்கிற டாக்டர்கள் ஊருக்குத் திரும்பிப் போய் என்னைப் போல ஒருத்தியிடம் பேசுவார்கள். முடியாது என்று உன் பெரிய டாக்டர் சொன்னால், எதையும் வைக்கக் கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்.

உன்மேல் குற்றம் சொல்ல உட்கார்ந்தால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. நான் கேட்டதற்கு நீ பதில் எழுதினாய். நான்தான், இருபது வருஷம் கூட வாழ்ந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று ஒரு தடவைகூட உன்னைக் கேட்கவில்லை. கட்டி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டேன். அதை நினைத்தால் சோறு உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் கோபம் போகவில்லை. ஏப்ரலில் அவருக்கு நடக்கத் தெம்பு இருந்தது, சிரிக்கத் தெம்பு இருந்தது. அந்த நாளெல்லாம் உனக்குக் கிடைத்தது. என்னிடம் வந்தபோது பாதி நேரம் மயக்கம், மீதி நேரம் வலி. ஒரு நாள் கண் விழித்து என்னைப் பார்த்து, "தம்பி, போதும்டா, கையை எடு" என்றார்.

வருவதாக எழுதியிருக்கிறாய். வராதே. என்றைக்கும் வராதே என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம். நீ வந்தால் நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று மாதம் அவர் மூச்சு ஏறி இறங்கியது அந்தக் கைக்குத் தெரியும். எனக்குக் கிடைத்தது கடைசி மூச்சு மட்டும்தான்.

அக்கா